எந்த எஞ்சின், எந்த எண், எந்த வருஷம்?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு பொருளுக்கு மாதிரி செய்வதென்றால், பாதி வேலை கையால். மீதிப் பாதி விசாரிப்பதால். அந்த இரண்டாவது பாதியை நம் வீடுகளில் யாரும் செய்வதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதும் இல்லை.

ஏன் திடீரென்று இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் போன் செய்தான். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினைப் பித்தளையில் சின்னதாகச் செய்ய ஆசையாம். "டீச்சர், நெட்ல நிறைய போட்டோ இருக்கு. நல்லதா ஒண்ணைப் பார்த்து ஆரம்பிச்சிடவா?" என்றான். "ஆரம்பிக்காதே. முதலில் எந்த எஞ்சின், எந்த எண், எந்த வருஷம் என்று முடிவு பண்ணு" என்றேன். "நீலகிரி எஞ்சின்னா எல்லாம் ஒண்ணுதானே டீச்சர்?" என்றான். அதற்கான பதில்தான் இந்தப் பதிவு. அவனுக்கு மட்டும் சொல்லி விட்டுவிட மனம் வரவில்லை.

பட்டறைக்காரனுக்கு இரும்பு வேலை சொல்லித்தர எனக்கு என்ன தகுதி? ஒன்றும் இல்லை. ஆனால் ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் துணைக்கருவி செய்யச் சொல்வார்கள். அட்டையில் பூவின் பாகங்கள், களிமண்ணில் மலை, தீக்குச்சியில் வீடு. அப்போது எங்களுக்குச் சொன்ன பாடம் இன்றும் நினைவிருக்கிறது. கரும்பலகையில் தப்பாக எழுதினால் அழித்து விடலாம். தப்பான மாதிரியைக் குழந்தை கையில் கொடுத்தால் அது கண்ணிலும் விரலிலும் பதிந்து விடும், அழிக்க முடியாது. முப்பது வருஷம் வகுப்பில் நின்ற பிறகு அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியும்.

சரி, நீலகிரி எஞ்சினுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை சுமார் 46 கிலோமீட்டர் பாதை. குன்னூர் வரை 1899-லும், உதகை வரை 1908-லும் வண்டி ஓடத் தொடங்கியது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஓடும் நீராவி எஞ்சின் வகைக்கு 'எக்ஸ்' வகுப்பு என்று பெயர். சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் என்ற ஊரில் செய்தவை. 1914-ல் தொடங்கி 1952 வரை சில தொகுதிகளாக வந்து இறங்கின. இரண்டாயிரத்துக்குப் பிறகு சிலவற்றை நிலக்கரியிலிருந்து எண்ணெய் எரிப்புக்கு மாற்றினார்கள். அப்புறம் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே 2011-லிருந்து புதிய எக்ஸ் எஞ்சின்களைச் செய்தார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து அனுப்பினார்கள்.

இப்போது சொல்லுங்கள், 'நீலகிரி எஞ்சின்' என்றால் எது? வின்டர்தூரில் பிறந்ததா, பொன்மலையில் பிறந்ததா? கரி போடுவதா, எண்ணெய் ஊற்றுவதா? கரி எஞ்சின் என்றால் கரி வைக்கும் இடம் வேண்டும். எண்ணெய் எஞ்சின் என்றால் அந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டியும் குழாயும் வேண்டும். ஒரு போட்டோவில் கரியைப் பார்த்து, இன்னொரு போட்டோவில் எண்ணெய்க் குழாயைப் பார்த்து, இரண்டையும் ஒரே மாதிரியில் பொருத்தினால் உலகத்தில் எங்குமே ஓடாத ஒரு எஞ்சின் பிறக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இன்னும் ஒரு நுணுக்கம். எனக்கே இதைப் படித்தபோது வியப்பாக இருந்தது. இந்த எஞ்சினுக்குப் பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு சிலிண்டர். கீழே இருக்கும் ஜோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே இருக்கும் ஜோடி, தண்டவாளத்தின் நடுவே பதித்திருக்கும் பல்சட்டத்தைக் கவ்வி ஏறும் பற்சக்கரங்களை ஓட்டும். பல்சட்டம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். அங்கேதான் பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏறும் செங்குத்து. ஏறும்போது, கீழ் சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய் மறுபடி வேலை செய்யும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரையிலான சமவெளியில் மேல் சிலிண்டருக்கு வேலை இல்லை. அதன் தண்டுகள் சும்மா நிற்கும். என் மாணவன் மோட்டார் வைத்து எல்லாத் தண்டுகளையும் ஒன்றாகச் சுழல விட்டால், அவன் செய்தது பொம்மை. சமதளத்தில் மேல் தண்டு நிற்கவும், பல்சட்டம் வந்ததும் அசையவும் செய்தால், அவன் செய்தது எக்ஸ் எஞ்சின். அதைப் பார்க்கும் குழந்தை "ஏன் டீச்சர் மேல இருக்கிறது சுத்தல?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தானே மாதிரியே செய்கிறோம்?

இன்னொன்று. அந்தப் பாதையில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். கொக்கி அறுந்தாலும் பெட்டி உருண்டு போகாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார். கண்காட்சிகளில் நான் பார்த்த மலை ரயில் மாதிரிகள் பலவற்றில் எஞ்சின் முன்னால் நின்று இழுத்துக்கொண்டிருக்கும். அழகான அட்டை மலை, அழகான குகை, ஆனால் ரயில் தலைகீழ்.

மலையை விட்டு இறங்கி நம் பக்கத்துக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது நம் ஆவடி வழியாகத்தான் போனது. தினமும் அந்தப் பாதையில் மின்சார ரயில் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் எத்தனை பேர்! அதே பாதையில் இருக்கும் பெரம்பூர் லோகோ பணிமனையில் நடந்த ஒரு காரியம், நான் சொல்லும் விஷயத்துக்கு இன்னும் நல்ல உதாரணம்.

இ.ஐ.ஆர். 21 என்று ஒரு எஞ்சின். 1855-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செய்தது. டெல்லி ரயில் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற 'ஃபேரி குயின்' இதற்கு உடன்பிறப்பு; அதன் எண் 22. எண் 21 ஓய்வு பெற்ற பிறகு நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாகவே நின்றது. 2010-ல் பெரம்பூர்த் தொழிலாளர்கள் அதற்கு உயிர் கொடுத்து ஓட விட்டார்கள். துருப்பிடித்துப் போனதற்கும் காணாமல் போனதற்கும் பதிலாகப் புதிய பாகங்கள் செய்தார்கள். இன்றைய தண்டவாளத்தில் ஓட வேண்டுமென்றால் இன்றைய பிரேக்கும் வேண்டும் அல்லவா?

அதற்கு மாதிரி செய்ய ஆசைப்படுகிற பிள்ளை எதைச் செய்வது? 1855-ல் கப்பல் ஏறிய எஞ்சினையா, நூறு வருஷம் சும்மா நின்ற எஞ்சினையா, 2010-ல் ஓடிய எஞ்சினையா? மூன்றும் ஒரே எண். மூன்றும் ஒன்றல்ல. இதில் எது சரி என்று என்னைக் கேட்டால், மூன்றும் சரி. ஆனால் எது என்று அடியில் ஒரு அட்டையில் எழுதி வைக்க வேண்டும். வருஷம் எழுதாத மாதிரி, தேதி போடாத கடிதம் போல.

பெரம்பூரில் செய்த புதிய பாகங்களை "ஒரிஜினல் இல்லை" என்று சிலர் மட்டமாகப் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பாகங்களைச் செய்தவர்களின் கைவேலையும் அந்த எஞ்சினின் சரித்திரம்தான். 2010 மாதிரி செய்கிறவன் அதைப் பெருமையோடு காட்ட வேண்டும்.

ஒரே வகுப்பு என்றால் எல்லாம் ஒரே மாதிரி என்ற நினைப்பும் தப்பு. நம்மில் வயதானவர்கள் பார்த்திருக்கும் அகலப்பாதை 'டபிள்யூ.பி.' எஞ்சின், உருண்டை மூக்கும் அதில் நட்சத்திரமும் வைத்தது, நினைவிருக்கிறதா? 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி முதலில் 16 எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. அதன் பிறகு அமெரிக்கா, கனடா, போலந்து, ஆஸ்திரியா, கடைசியில் நம் சித்தரஞ்சன் என்று பல இடங்களில் செய்து மொத்தம் 755 ஆயிற்று. முதல் 16-ன் மூக்கு வேறு, பின்னால் வந்தவற்றின் மூக்கு வேறு. முதல் தொகுதி எண்ணைப் பின்னால் வந்த மூக்கில் எழுதினால், விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து விடுவார்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், நேர்விகிதம்தான்.

நம் அகலப்பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். வெளிநாட்டு மாதிரி ரயில் பெட்டியில் வரும் தண்டவாளம் பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டர், அது அவர்களுடைய 1435 மில்லிமீட்டர் பாதையை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது. நம் பாதையை 87-ல் வகுத்தால் 19.3 வரும். ஆக, நம் டபிள்யூ.பி. எஞ்சினை அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தினால் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும். நீலகிரி பாதையோ மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். 22.5-ல் ஒரு பங்கு என்று எடுத்தால் 44.4 வரும். 45 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கும். என் மாணவனுக்கு நான் சொன்ன உருப்படியான ஒரே தொழில்நுட்ப யோசனை இதுதான்.

வரைபடம் கிடைக்காத பாகத்துக்கு என்ன செய்வது? தெரிந்த ஒரு அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். டபிள்யூ.பி.யின் பெரிய சக்கரம் 1705 மில்லிமீட்டர் விட்டம். நேர்ப் பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் அந்தச் சக்கரம் 31 மில்லிமீட்டர் இருந்தால், போட்டோவில் ஒரு மில்லிமீட்டர் என்பது அசலில் 55. சக்கரத்தை ஒட்டிய தண்டு போட்டோவில் 40 என்றால் அசலில் 2200. சக்கரம் இருக்கும் அதே தளத்தில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. கொதிகலன் உள்ளே தள்ளி இருப்பதால் அது படத்தில் கொஞ்சம் சிறுத்துத் தெரியும். சாய்வாக எடுத்த போட்டோவில் இந்த வித்தை பலிக்காது. ஏழாம் வகுப்பில் "இந்தக் கணக்கு எதுக்கு டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு, இதோ, இதுக்குத்தான்.

அருங்காட்சியகத்தில் நிற்பதையே அளந்து விட்டால் போதாதா? ஐ.சி.எஃப். அருகே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. நூம்பலிலிருந்து அரை நாளில் போய் வந்து விடலாம். கட்டாயம் போங்கள், டேப் எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் நின்று போன எஞ்சினும் ஓடுகிற எஞ்சினும் ஒன்றல்ல. இதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் பக்கத்துத் தெருப் பெரியவர். ஃபயர்மேனாக ரயில்வேயில் சேர்ந்தவர், எண்பதைத் தாண்டியவர். மேடை மேல் நிறுத்தி வைத்த ஒரு எஞ்சினின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ராடுக்கு யாரும்மா பெயிண்ட் அடிச்சது? ஓடுற எஞ்சின்ல ராடு வெறும் இரும்பு, எண்ணெய் மினுமினுக்கும். டெண்டர்ல கரியும் இல்ல. இது செத்த எஞ்சின்" என்றார்.

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். டிரைவர் ஒருவர், ஃபயர்மேன் இருவர்; யார் எங்கே நிற்பார், யார் எப்போது கரி அள்ளுவார், கை துடைக்கும் பஞ்சு வேஸ்ட் எங்கே செருகியிருக்கும், எண்ணெய்க் கேனை எங்கே வைத்தால் சூடாக இருக்கும் என்றெல்லாம். எந்த வரைபடத்திலும் இது இருக்காது. வரைபடம் எஞ்சின் பிறந்த அன்று எப்படி இருந்தது என்று சொல்லும். அது எப்படி வாழ்ந்தது என்று கூட இருந்தவர்தான் சொல்ல முடியும்.

நான் கவலைப்படுவது இங்கேதான். நம் நாட்டில் அகலப்பாதையில் நீராவி ரயில் சேவை 1995 டிசம்பரோடு முடிந்தது. அந்தக் கடைசி வருஷத்தில் இருபத்தைந்து வயது இளைஞராக இருந்தவரே இன்று ஐம்பதைத் தாண்டி விட்டார். வாழ்நாள் முழுக்க கரி அள்ளியவர்கள் எழுபது, எண்பதில் இருக்கிறார்கள். பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம், ஆவடி, அரக்கோணம் என்று நம்மைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. "தாத்தா பழைய கதையை ஆரம்பிச்சிட்டாரு" என்று எழுந்து போய் விடுகிறோம்.

தெரிந்த வீடு ஒன்றில், பெரியவர் காலமான பதினாறாம் நாள் முடிந்ததும் அலமாரியைக் காலி செய்தார்கள். டியூட்டி நோட்டு, பணிமனைப் புத்தகங்கள், எஞ்சின் முன்னால் ஷெட் ஆட்கள் வரிசையாக நின்று எடுத்த குரூப் போட்டோ எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயிற்று. அந்தப் போட்டோவில் எஞ்சின் எண் தெளிவாகத் தெரியும். பின்புறம் தேதியும் எழுதியிருந்தது. எந்த எஞ்சின், எந்த எண், எந்த வருஷம் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே காகிதத்தில் பதில். கிலோவுக்கு என்ன விலை கிடைத்திருக்கும்? அந்த வீட்டாரை நான் குறை சொல்லவில்லை. அது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, நியாயமான வாதம். "டீச்சர், எல்லாரும் ஆபீஸ் போய் வந்து களைத்துப் போகிறோம். பிள்ளைக்கு நாளைக்குப் ப்ராஜெக்ட். ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல் எஞ்சின் ரெடியாக விற்கிறது. யார் ரிவிட்டை எண்ணப் போகிறார்கள்?" என்று ஒரு மாணவி என்னிடமே கேட்டாள். களைப்பு எனக்குப் புரிகிறது. எல்லா ரிவிட்டையும் எண்ணச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றை உண்மையாகச் செய்யச் சொல்கிறேன். சக்கரம் எத்தனை என்பதை மட்டும் சரியாகச் செய்யட்டும். டபிள்யூ.பி. என்றால் முன்னால் சிறியது 4, நடுவில் பெரியது 6, பின்னால் 2. நீலகிரி எக்ஸ் என்றால் முன்னால் சிறியது இல்லை, நடுவில் 8, பின்னால் 2. இ.ஐ.ஆர். 21 என்றால் 2, 2, 2. தெர்மாகோல் ஆனாலும் பரவாயில்லை, பிள்ளை எண்ணிப் பார்த்து ஒட்டியதாக இருக்கட்டும். "ஏன் இத்தனை?" என்று வகுப்பில் கேட்டால் வாய் திறந்து பதில் சொல்லும்.

இப்போது கம்ப்யூட்டரே படம் வரைந்து கொடுக்கிறது. 'ஊட்டி ரயில்' என்று கேட்டால் பனிமூட்டம், யூகலிப்டஸ், புகை எல்லாம் அற்புதமாக வரும். ஒரு நிமிஷம் நிறுத்திச் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். தண்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். பல படங்களில் தண்டு எங்கேயும் போய்ச் சேராது. எண்ணத் தெரிந்த பிள்ளையை ஏமாற்ற முடியாது. ரயிலில் பழகினால் அந்தப் பழக்கம் வாட்ஸ்அப் செய்திக்கும் வரும், வேலைக்குச் சேரும் கம்பெனிக்கும் வரும், ஓட்டுக் கேட்டு வருகிறவர் சொல்லும் கணக்குக்கும் வரும். எனக்கு வேண்டியது அதுதான்.

ஆக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ரயில்வேயில் கரி எஞ்சின் காலத்தில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், இந்த மாதத்துக்குள் ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். போனில் ரெக்கார்டிங் போட்டு விட்டு இவற்றைக் கேளுங்கள்:

1. எந்த ஷெட், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை?
2. எந்த வகை எஞ்சின்? எண் ஏதாவது நினைவிருக்கிறதா?
3. அதற்கு என்ன நிறம்? பெயர் உண்டா?
4. மற்ற எஞ்சினிலிருந்து அதில் மாறியிருந்தது என்ன?
5. போட்டோ, நோட்டு, பாஸ் ஏதாவது வீட்டில் இருக்கிறதா?

போட்டோவை வாங்கி வந்து விடாதீர்கள். அவர்கள் வீட்டிலேயே வைத்து, முன்புறம் பின்புறம் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, அசலைப் பத்திரமாக வைக்கச் சொல்லி விட்டு வாருங்கள். அவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு மாறுபட்டால் எதையும் அடிக்காதீர்கள். இரண்டையும் எழுதி வையுங்கள். எனக்கு அனுப்பினால் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று குறித்து நோட்டில் எழுதி வைக்கிறேன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும், பிற்காலத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கீழே கமெண்டில் "அருமை டீச்சர்" என்று மட்டும் போட்டு விட்டுப் போகாதீர்கள். ஒரு எஞ்சின் எண்ணாவது எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நூம்பல்